யார் வீட்டுத் திண்ணை? கரிசல் நிலத்தில் நம் பிள்ளைகளின் எழுத்தறிவு வரலாறு



அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவுக்கு எந்தப் பொருளை எடுப்பது என்று மன்றத்தில் உட்கார்ந்து யோசித்தபோது பௌத்தம், 'தமிழன்' இதழ், பூர்வகுடி வரலாறு என்று பெரிய தலைப்புகளே முதலில் வந்தன. அவற்றைப் பேச அறிஞர்கள் இருக்கிறார்கள். நாம் இந்த ஆண்டு எடுத்துக்கொண்டது பார்வைக்குச் சின்ன விஷயம். நம் தெருவிலிருந்து தொடக்கப் பள்ளிக்குப் போகிற நாலாம் வகுப்புப் பிள்ளை, தன் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியைத் தடுக்காமல் வாசிக்கிறதா? வாசிக்க முடியவில்லை என்றால் சாயங்காலம் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள்? எங்கே உட்காருகிறார்கள்?

இந்த மூன்றாவது கேள்விதான் இன்றைய பேச்சின் மையம். நம் எழுத்தறிவின் வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால், சொல்லிக்கொடுத்தவர் நல்லவரா என்பதைவிட அவர் எந்த இடத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார் என்பதே யார் படித்தார்கள், யார் படிக்கவில்லை என்பதைத் தீர்மானித்திருக்கிறது.

கயத்தாறு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு 1799 அக்டோபர் 16ஆம் நாள் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட இடம். இப்போது நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்குக் காற்றாலைகள் சுற்றுகிற ஊர். இரண்டுக்கும் நடுவே இருப்பது மானாவாரிக் கரிசல். மழை பெய்தால் உளுந்தும் பாசியும் சோளமும் பருத்தியும். பெய்யாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ், அல்லது வெளியூர் பஸ். நம் பிள்ளைகளின் வருகைப் பதிவேட்டை எழுதுவது ஆசிரியர் மட்டுமல்ல, மழையும்தான் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

'சமூகம்' என்ற சொல்

பள்ளிக்குச் சமூகம் துணை நிற்க வேண்டும் என்று இன்று எல்லாக் கல்வி ஆவணங்களும் சொல்கின்றன. சமூகப் பங்கேற்பு, சமூகத் தன்னார்வலர், ஊர் கூடிப் பள்ளியை வளர்ப்பது என்று சொற்கள் அழகாகவே இருக்கின்றன. ஆனால் நம் பேச்சு வழக்கில் 'சமூகம்' என்பதற்கு என்ன பொருள்? வாடகைக்கு வீடு கேட்கப் போனால், "நீங்க என்ன சமூகம்?" என்கிறார்கள். தாலுகா ஆபீசில் கம்யூனிட்டி சர்டிபிகேட் என்று கேட்டு வாங்குவது சாதிச் சான்றிதழை. 'ஊர்' என்ற சொல்லும் அப்படித்தான். கரிசல் கிராமத்தில் ஊர் என்பது ஒன்று. குடி, தெரு, காலனி என்பது வேறொன்று. ஊர்க்கூட்டம் என்றால் அதில் காலனி இல்லை. ஊர்ப் பொது என்றால் அதில் நம் பங்கு இல்லை.

சமூகவியல் படிக்கப் போனபோது, சமூகம் என்பது ஒருவரை ஒருவர் அறிந்து, ஒருவருக்கொருவர் உதவி வாழ்கிற மக்கள் தொகுதி என்று நமக்கு வகுப்பில் சொன்னார்கள். வகுப்பு முடிந்து பஸ் ஏறிக் காலனிக்கு இறங்கியபோது அந்த வரையறை ஊர் எல்லையிலேயே இறங்கிவிட்டது. ஆகவே பள்ளிக்குச் சமூகம் துணை நிற்கிறது என்று யாராவது சொன்னால், எந்தச் சமூகம், யாருடைய பிள்ளைக்கு என்று கேட்டுக்கொள்ள வேண்டியது நம் கடமை. இதை முரண்டு பிடிப்பதற்காகக் கேட்கவில்லை. நூறாண்டு அனுபவம் அப்படிக் கேட்க வைக்கிறது.

மழைக்கும் ஒதுங்க முடியாதவர்கள்

நமக்கும் கோவில்பட்டிக்கும் நடுவிலிருக்கிறது இடைசெவல். கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் பிறந்த ஊர். மழைக்காகப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கியவன் தான் என்று கி.ரா. தம்மைப் பற்றி வேடிக்கையாகச் சொல்வது உண்டு. கரிசல் எழுத்துக்கு அவர் செய்ததை நாம் மதிக்கிறோம். ஆனால் அந்த வேடிக்கையைக் கேட்கும்போது நமக்கு இன்னொன்று தோன்றும். அதே காலத்தில் அதே மழையில் நம் தாத்தாக்கள் அந்தத் திண்ணையில் ஒதுங்கியிருக்க முடியுமா? ஏறியிருந்தால் மழை விட்ட பிறகு என்ன நடந்திருக்கும்?

திண்ணைப் பள்ளிக்கூடம் என்பது தமிழ்க் கல்வி வரலாற்றில் பெருமையோடு பேசப்படுகிறது. அரசை எதிர்பார்க்காமல் ஊரே வாத்தியாரை வைத்து, நெல்லும் தவசமும் அளந்து, மணலில் விரல் வைத்து எழுதப் பழக்கிய முறை. இன்றைய சொல்லில் சொன்னால் அதுவும் சமூகம் நடத்திய பள்ளியே. ஆனால் திண்ணை ஒரு வீட்டின் உறுப்பு. வீட்டுக்கு வெளியே இருந்தாலும் வீட்டுக்காரரின் சாதி அதில் படுத்திருக்கும். தெருவுக்குள்ளேயே வரக் கூடாதவர்களின் பிள்ளை திண்ணையில் எப்படி உட்காரும்?

இன்னொரு செய்தியும் இந்த மண்ணுக்கு உரியது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காமநாயக்கன்பட்டியிலும் கயத்தாற்றுப் பக்கத்திலும் பணிசெய்தவர் வீரமாமுனிவர். எகரத்தையும் ஏகாரத்தையும், ஒகரத்தையும் ஓகாரத்தையும் எழுத்திலேயே பிரித்துக் காட்டியவர் என்று தமிழ் வரலாறு அவரைச் சொல்கிறது. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு என்று இன்று ஒன்றாம் வகுப்பில் நம் பிள்ளைகள் குழம்புகிறார்களே, அந்தக் கொம்புகளுக்குப் பின்னால் இந்தப் புழுதிச் சாலைகளில் நடந்த ஒரு மனிதர் இருக்கிறார். ஆனால் எழுத்து சீரானதும் அது எல்லோருக்கும் வந்துவிடவில்லை. நம் தெருக்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தக் கொம்பு வந்து சேர நூற்றைம்பது, இருநூறு ஆண்டுகள் ஆயின.

உபதேசியாரும் பஞ்சமர் பள்ளியும்

நெல்லைச் சீமையில் நம் மக்களுக்கு முதலில் எழுத்தைக் கொண்டுவந்தவர்களில் மிஷனரிகள் முக்கியமானவர்கள். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் கிராமம் கிராமமாகப் பள்ளிகளைத் தொடங்கினார். வடக்கே இந்தக் கரிசல் பக்கம் 1854இல் ராக்லண்ட் வந்தார். கூடாரம் போட்டுத் தங்கி ஊர் ஊராகச் சுற்றிய அவர், 1858இல் சிவகாசியில் இறந்தார். இவர்கள் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. ஆனால் நம் தெருவில் உட்கார்ந்து எழுத்தைச் சொல்லிக்கொடுத்தவர் வெள்ளைக்காரர் அல்ல. அவர் உபதேசியார். பகலில் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி, இரவில் பெரியவர்களுக்கு ஜெபம். பல இடங்களில் அவரும் நம்மைப் போன்ற ஒரு தெருவிலிருந்து வந்தவர்; சம்பளம் சொற்பம். மிஷன் பள்ளிகளிலும் சாதி முழுவதும் ஒழிந்துவிடவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. ஆனாலும் பள்ளி நம் தெருவுக்கே வந்தது என்பதுதான் இங்கே புதிய செய்தி.

இதே காலத்தில் சென்னையில் இன்னொரு முயற்சி நடந்தது. 1892இல் மகாஜன சபைக் கூட்டத்தில் பண்டிதர் கோயில் நுழைவு உரிமையைக் கேட்டார். எதிர்ப்பு எழுந்தது. உங்கள் கடவுள் எங்களுக்கு வேண்டாம், எங்கள் பிள்ளைகளுக்கு நாலாம் வகுப்பு வரை இலவசக் கல்வியும், கிராமங்களில் தரிசாகக் கிடக்கும் நிலமும் கொடுங்கள் என்று அவர் அதற்கு மறுமொழி சொன்னார். எழுத்தையும் நிலத்தையும் ஒரே மூச்சில் கேட்ட அந்தக் கோரிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு மறுபடியும் வருவோம்.

1893 பிப்ரவரியில் சென்னை மாகாண அரசு பஞ்சமர் கல்விக்கென ஓர் ஆணை பிறப்பித்தது. தனிப் பள்ளிகளுக்கு உதவி, நம் மக்களிலிருந்தே ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க உதவித்தொகை ஆகியவை அதில் இருந்தன. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாறு ஊரூரில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பிறகு நகரின் வேறு பகுதிகளிலும் அத்தகைய பள்ளிகள் வந்தன. 1898இல் பண்டிதர் பௌத்தம் தழுவ ஆல்காட்டோடு இலங்கைக்குப் போனபோது உடன் சென்றவர் கிருஷ்ணசாமி. அவர் பஞ்சமர் பள்ளியின் ஆசிரியர். நம் பௌத்த மறுமலர்ச்சியின் முதல் பயணத்திலேயே ஒரு தொடக்கப் பள்ளி வாத்தியார் இருந்தார் என்பது தற்செயலல்ல. 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கியபோது பிள்ளைகள் 25 பேர். நந்தன் நுழைய முடியாத ஊரில் நந்தன் பெயரால் ஒரு பள்ளி.

ஏன் இத்தனை தனிப் பள்ளிகள்? பொதுப் பள்ளி இல்லாமலா போனது? இருந்தது. அன்று மாகாணத்தில் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகள் பொது நிர்வாகத்தில் இருந்தன. அவற்றில் பஞ்சமர் பிள்ளைகளைச் சேர்த்தவை சில நூறு மட்டுமே. காரணத்தைத் தேடினால் திரும்பவும் இடத்துக்கே வருகிறோம். பள்ளிகள் அக்கிரகாரத்தில் இருந்தன, சாவடியில் இருந்தன, கோயிலுக்குள் இருந்தன. வாத்தியார் விரட்ட வேண்டிய தேவையே இல்லை. பள்ளிக்குப் போகிற பாதையே விரட்டிவிடும். நம்மவர்கள் நுழைய முடியாத இடங்களில் பொதுப் பள்ளி இருக்கக் கூடாது என்று 1919இல் அரசே ஆணையிட வேண்டியிருந்தது. அடுத்து வந்த தொழிலாளர் துறைப் பள்ளிகள்தாம் இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் முன்னோடிகள். அவற்றைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைக்கப்போவதாக 2023 நிதிநிலை அறிக்கை அறிவித்தபோது நம்மிடையே இரண்டு கருத்து எழுந்ததற்கும் இந்த வரலாறே காரணம். தனியாக இருப்பது இழிவு என்றார்கள் சிலர். நம் தெருவில் இருக்கும் ஒரே அரசு நிறுவனம் அது என்றார்கள் வேறு சிலர். இரண்டும் உண்மை.

எட்டயபுரத்துச் சோறு

பள்ளிக்கு ஊர் துணை நின்ற வரலாற்றில் பெரிய பக்கம் நம் வட்டாரத்திலேயே எழுதப்பட்டது. 1920இல் நீதிக்கட்சியின் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது முன்னோடி. மாநிலம் தழுவிய மதிய உணவை 1956இல் காமராசர் தொடங்கிவைத்தது எட்டயபுரத்தில். பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு இதற்காக ஊர் ஊராக அலைந்தார். முதலில் அது மக்கள் நன்கொடையால் நடந்தது. அடுத்து அரசு பணம் கொடுக்கத் தொடங்கியபோதும் அரசின் பங்கு பத்தில் ஆறு, ஊரின் பங்கு பத்தில் நாலு. 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்க்காரர்கள் கரும்பலகையும் பெஞ்சும் ஓடும் கொடுத்தார்கள். கல்விக்காகத் தமிழ்ச் சமூகம் கையை விரித்த காலம் அது. அதில் நாம் பெற்றதும் பெரிது. நம் அம்மாக்களில் பலர் பள்ளிக்குப் போனதே அந்த ஒரு வேளைச் சோற்றுக்குத்தான்.

ஆனால் ஊரின் நாலு பங்கை யார் கொடுத்தார்களோ, அவர்களுடைய ஊராகவே பள்ளி இருந்தது. தானியம் கொடுத்தவர் பெயர் சுவரில் ஏறியது. அந்தத் தானியத்தைக் களையெடுத்து, அறுத்து, தூற்றிக் கொடுத்தவர்களின் பிள்ளைகள் தனி வரிசையில் தட்டோடு உட்கார்ந்த ஊர்கள் உண்டு. அது பழைய கதை என்று சொல்வோருக்கு ஒன்றை நினைவூட்டுவோம். 2023இல், அதே எட்டயபுரம் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில், பட்டியல் சாதிப் பெண் சமைத்த காலை உணவைச் சில பிள்ளைகள் சாப்பிடுவதில்லை என்று செய்தி வந்தது. நாடாளுமன்ற உறுப்பினரும் அமைச்சரும் வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நல்லது. 1956க்கும் 2023க்கும் இடையே 67 ஆண்டுகள். சோறு வந்துவிட்டது, சமைத்த கை இன்னும் கேள்விக்குள்ளாகிறது.

விடியுமுன் வந்த பஸ்

1923இல் சிவகாசியில் தொடங்கிய தீப்பெட்டித் தொழில் சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் என்று பரவியது. மானாவாரி பொய்த்த வீடுகளுக்கு அதுவே அடுப்பு எரிய வைத்தது. விடியுமுன் ஊர் ஊராகக் கம்பெனி பஸ் வரும். கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சின்ன விரல்கள் வேண்டும் என்றார்கள். பஸ்ஸில் ஏறியவர்களில் பெண் பிள்ளைகள் அதிகம். ஒரு குடும்பம் தன் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பாமல் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்ப நேர்வதைப் பூமணி 'கருவேலம் பூக்கள்' படத்தில் காட்டினார். வெளியே இருந்து வந்த எந்த ஆய்வறிக்கையையும்விட அது நம் வீட்டை நமக்குக் காட்டியது.

1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளுக்காக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. தொழிலும் மாறியது, இயந்திரம் வந்தது, பஸ்ஸிலிருந்து பிள்ளைகள் மெல்ல இறங்கினார்கள். ஆனால் பஸ்ஸிலிருந்து இறங்கிய பிள்ளை பள்ளியில் உட்கார்ந்தால் போதுமா? எட்டு வயதில் முதன்முறை பலகை பிடிக்கிற பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்பு ஆசிரியரிடம் நேரமில்லை. வீட்டில் சொல்லிக்கொடுக்க எழுத்து தெரிந்தவர் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் நம் தெருவில் எட்டாம் வகுப்போ பத்தாம் வகுப்போ படித்த அக்காக்கள்.

பட்டா, படி

எங்களில் பலர் பள்ளிப் பிள்ளைகளாக இருந்தபோது அறிவொளி வந்தது. 1991 ஏப்ரலில் கேரளம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் முன்முயற்சியோடு மாவட்டம் மாவட்டமாக அறிவொளி பரவியது. புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது கல்குவாரிப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றது உலகச் செய்தியானது. நெல்லையில் எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் போன்றோர் அந்த வேலைக்குத் தோள் கொடுத்தார்கள். அந்த அனுபவத்தை அவர் 'இருளும் ஒளியும்' என்ற நூலாக எழுதினார்.

அறிவொளி பெரியவர்களுக்கானது. ஆனால் நாங்கள் அதை அம்மாவின் மடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். அரிக்கேன் விளக்கு, சுவரில் சாத்திய கரும்பலகை, களையெடுத்த கை நடுங்க எழுதிய எழுத்து. அறிவொளிப் பாடம் அ, ஆ என்று தொடங்கவில்லை. பட்டா, படி என்று தொடங்கியது. பண்டிதர் 1892இல் நிலத்தையும் எழுத்தையும் சேர்த்துக் கேட்டார். ஏறத்தாழ நூறாண்டு கழித்து நம் அம்மாக்கள் எழுதிய முதல் சொற்களும் அவைதாம். பாடம் தயாரித்தவர்கள் பண்டிதரை நினைத்துச் செய்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. நிலமில்லாதவரின் நாவில் முதலில் வருகிற சொல் அதுதான் என்று சொல்கிறோம்.

இன்னொன்றையும் கவனித்தோம். எங்கே காலனி மையமும் ஊர் மையமும் தனித்தனியாக இருந்தனவோ அங்கே காலனி மையம் நிறைந்திருந்தது. எங்கே ஒரே மையம் ஊருக்குள் இருந்ததோ அங்கே நம் பெண்கள் இரண்டாம் நாளே நின்றுகொண்டார்கள். சிலபஸ் ஒன்று, தொண்டரின் ஆர்வமும் ஒன்று. இடம் மட்டும் வேறு.

எழுத்து நம்மிடம் வந்தால் அதற்கு விலையும் உண்டு. 1995 ஆகஸ்ட் 31இல் ஓட்டப்பிடாரம் பக்கம் கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்தபோது வீடுகள் மட்டும் உடைக்கப்படவில்லை; படிப்புச் சான்றிதழ்களும் பாஸ்போர்ட்டுகளும் அழிக்கப்பட்டன என்று அந்த மக்கள் சொன்னார்கள். ஒரு குடி காகிதத்தால் முன்னேறியது என்று தெரிந்தவர்கள் காகிதத்தைத் தேடி அழித்தார்கள்.

இல்லம் தேடி வந்தது

2020 மார்ச்சில் மூடிய பள்ளி, ஒன்று முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1இல்தான் திறந்தது. ஊருக்குள் செல்போனும் டியூஷனும் இருந்தன. நம் தெருவில் ஒரு போனை மூன்று பிள்ளைகள் பார்த்தார்கள். அதுவும் அப்பா வேலைக்குக் கொண்டுபோகாத நாளில். 2021 அக்டோபர் 27இல் மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கிவைத்தார். மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம், வீட்டுப் பக்கத்திலேயே வகுப்பு. தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய். ஏறக்குறைய இரண்டு லட்சம் மையங்கள்; தன்னார்வலர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். புதிய கல்விக் கொள்கை தன்னார்வலர் பெயரால் யாரை வேண்டுமானாலும் பள்ளிக்குள் விடுமே என்ற அச்சம் முற்போக்காளர்களிடம் எழுந்தது. நாமும் அஞ்சினோம். அந்த எச்சரிக்கை இன்றும் தேவை.

ஆனால் நடந்ததைப் பார்க்க வேண்டும். அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழ்நாட்டில் சுமார் 19,000 பிள்ளைகளிடம் செய்த ஆய்வின்படி, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்பில் கால் பங்குக்கு நெருக்கமானது இந்த மாலை வகுப்புகளால் வந்தது. ஏழைப் பிள்ளைகளே அதிகம் பயன்பெற்றார்கள். மாதம் 1,000 ரூபாய்க்கு இவ்வளவு கொடுத்த வேறு திட்டம் நமக்குத் தெரியவில்லை.

இந்த வட்டாரத்தில் நாங்கள் சில மையங்களில் போய் உட்கார்ந்தோம். ஒரு காலனியில் நாலாம் வகுப்புப் பையன் 'கேணி' என்பதைக் 'கெணி' என்று வாசித்தான். சொல்லிக்கொடுத்த பெண் பி.காம். முடித்து, காலையில் கடலைமிட்டாய் பாக்கெட் போடப் போய் வருபவர். அவர் திருத்தவில்லை. "உங்க பாட்டி வயக்காட்டுல தண்ணி எடுக்குமே, அது என்ன?" என்றார். பையன் உடனே "கேணி" என்றான். "அப்ப அந்தக் கொம்பு எத்தனை?" என்றார். அவன் எண்ணிப் பார்த்துச் சிரித்தான். வீரமாமுனிவரின் இரட்டைக் கொம்பு அந்தச் சிமெண்டுத் தளத்தில் அன்றைக்கு உயிர்பெற்றது.

வேறொரு ஊரில் மையம் ஊர்க் கோயில் மண்டபத்தில் வைக்கப்பட்டது. நல்ல நோக்கத்தில்தான் வைத்தார்கள். விளக்கும் மின்விசிறியும் இருந்தன. நம் பிள்ளைகள் படியில் உட்கார்ந்தார்கள். படிக்கு மேலே வா என்று தன்னார்வலர் கூப்பிட்டும் பிள்ளைகள் ஏறவில்லை. ஏறினால் என்ன நடக்கும் என்று எட்டு வயதுக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தன்னார்வலரைக் குறை சொல்ல மாட்டோம். திண்ணையைத்தான் சொல்கிறோம்.

கடலுக்கு அப்பால் நம்மைப் போன்றவர்கள் இதை முன்பே கண்டுகொண்டார்கள். அமெரிக்காவின் தென் கரோலினாவில், ஜான்ஸ் தீவில், 1957இல் கறுப்பின மக்கள் வாக்குரிமைக்காக எழுத்தறிவு வகுப்பு தொடங்கினார்கள். செப்டிமா கிளார்க் முதல் ஆசிரியராகத் தேர்ந்தெடுத்தது பட்டம் பெற்ற ஆசிரியரை அல்ல, பெர்னிஸ் ராபின்சன் என்ற அழகுநிலையத் தொழிலாளியை. கற்பவர்களைக் கீழாகப் பார்க்காத ஒருவர் வேண்டும் என்பதே காரணம். வகுப்பு நடந்தது கூட்டுறவுக் கடையின் பின்னறையில், வெள்ளையர் கண்ணில் படாத இடத்தில். யார், எங்கே என்ற இரண்டு கேள்விகளையும் அவர்கள் முதல் நாளே கேட்டுவிட்டார்கள். அந்தப் பின்னறையிலிருந்து பரவிய குடியுரிமைப் பள்ளிகள் வழியே ஆயிரக்கணக்கானோர் வாக்காளர் பட்டியலில் ஏறினார்கள்.

நம் வீட்டுத் திண்ணை

இதுவரை ஊரைக் கேட்டோம். நம்மையும் கேட்க வேண்டும். கரிசலில் 'நாம்' என்ற சொல்லுக்குள்ளும் தெருக்கள் உண்டு. அருந்ததியர் தெருப் பிள்ளை நம்மில் சிலர் நடத்தும் மையத்துக்கு வருகிறதா? அந்தத் தெருவில் படித்த பெண் இருக்கும்போது, அவரைத் தன்னார்வலராக நாம் முன்மொழிந்தோமா? அவர் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நம் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க நாம் சம்மதிப்போமா? துப்புரவு வேலைக்கு விடியற்காலை போகும் தாயின் பிள்ளை பள்ளிக்கு நேரத்தில் வர யார் கையைப் பிடித்துக் கூட்டிவருகிறார்கள்? இந்த அரங்கில் இதைப் பேசுவது சிலருக்கு வருத்தமாக இருக்கும். இதைப் பேசாமல் பண்டிதர் பெயரில் கூட்டம் நடத்துவதில் பொருளில்லை.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு சுமார் 80 விழுக்காடு, பட்டியல் சாதியினரிடையே சுமார் 73. இந்த ஏழு விழுக்காட்டு இடைவெளிக்குள்ளும் எந்தத் தெரு அடியில் இருக்கிறது என்று நம் ஒவ்வொருவருக்கும் தெரியும்.

ஆகவே சில முடிவுகளை இந்த அரங்கின் முன் வைக்கிறோம்.

முதலாவது, தன்னார்வலர் ஆசிரியருக்கு மாற்று அல்ல. நூற்றாண்டுக்கும் மேலாக அரசு வராத இடத்தைத் தன்னார்வலரே நிரப்பி வந்தார். அதைக் காட்டி ஆசிரியர் பணியிடத்தை நிரப்பாமல் விடுவதற்கு நாம் துணைபோகக் கூடாது. ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பை இருவர் நடத்துவதை ஏற்றுக்கொண்டு, சாயங்காலம் நம் தெருப் பெண்ணை வைத்துச் சரிக்கட்டுவது கல்வி அல்ல. தன்னார்வம் என்ற பெயரில் படித்த தலித் பெண்ணின் உழைப்பு மலிவாக வாங்கப்படுவதையும் நாம் கேட்க வேண்டும். மையங்களின் எண்ணிக்கை பிறகு குறைந்தபோது ஊரில் யாரும் கவலைப்படவில்லை. நம் தெருவில் பிள்ளைகள் கவலைப்பட்டார்கள்.

இரண்டாவது, இடம். வகுப்பு எங்கே நடக்கிறது என்பதை முதலில் கேளுங்கள். எல்லாத் தெருப் பிள்ளையும் தயங்காமல் ஏறுகிற இடம் பள்ளிக்கூடமே. அது அரசின் இடம். சாயங்காலமும் பள்ளியைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். அது முடியாத ஊரில் வகுப்பு காலனியில் நடக்கட்டும். ஊர்ப் பிள்ளை வந்தால் வரட்டும். நூறாண்டாக நாம் அங்கே போனோம், இனி அவர்கள் இங்கே வரலாம்.

மூன்றாவது, பள்ளி மேலாண்மைக் குழு. 2022இல் புதிதாக அமைக்கப்பட்ட இந்தக் குழுக்களின் தலைவர் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் தாயாக இருக்க வேண்டும். நம் அம்மாக்கள் இப்போது அங்கே உட்காரச் சட்டம் இடம் தருகிறது. நாற்காலியில் உட்காருங்கள். எத்தனை பிள்ளை வாசிக்கிறது, எத்தனை பிள்ளை வாசிக்கவில்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேளுங்கள். 'நம்ம ஊரு பள்ளி' என்று நன்கொடை கேட்டு விளம்பரம் வரும்போது, அந்த 'நம்ம'வில் நாம் இருக்கிறோமா என்றும் கேளுங்கள்.

நான்காவது, பதிவு. ரேனியஸ் பெயர் இருக்கிறது, ஆல்காட் பெயர் இருக்கிறது. நம் தெருவில் விளக்கேற்றிய உபதேசியார், அறிவொளித் தொண்டர், மாலை வகுப்பு அக்கா ஆகியோர் பெயர்கள் எங்கேயும் இல்லை. ஒவ்வொரு தெருவிலும் யார் யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று முதியவர்களிடம் கேட்டு எழுதி, அடுத்த ஆண்டு இந்த நாளில் மன்றத்தில் கொண்டுவந்து வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். எழுதத் தெரிந்த பிள்ளைகளைக் கொண்டே எழுதச் சொல்லுங்கள்.

கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும்போது உங்கள் தெருவில் ஒரு பிள்ளையை நிறுத்தி, அதன் புத்தகத்தில் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். தடுக்கினால் திட்ட வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள். உட்காருகிற இடம் எல்லோருக்குமானதா என்று மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெய்பீம்.